ஹெட்செட்டுக்குள் தக்காளி வண்டி

மதுரையிலிருந்து சென்னை பாரிவாக்கம் ஃபிளாட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. எதிர்வீட்டுக்காரருக்கு இன்னும் என் பெயர் தெரியாது. என்னைத் தினமும் "மாமே" என்று கூப்பிடும் ஒரே ஆள், ஆன்லைன் ஷூட்டிங் கேமில் என் அணியில் ஆடும் 'புயல்'. முகம் பார்த்ததில்லை. அவனும் சென்னை என்று மட்டும் தெரியும்.

இன்று சாயங்காலம் ரேங்க் மேட்ச் நடுவில், ஜன்னலுக்குக் கீழே தக்காளி வண்டி ஸ்பீக்கரில் கூவிக்கொண்டு போனது. பதிவு செய்த குரல், நடுவில் ஒரு இருமல்.

ஐந்து நிமிடம் கழித்து அதே குரல், அதே இருமலோடு, ஹெட்செட்டுக்குள் கேட்டது.

"டேய் புயல், உங்க தெருவுல தக்காளி வண்டியா?"

"ஆமா மாமே, டெய்லி இதே ரோதனைதான்."

"இப்பத்தான்டா எங்க தெருவுல இருந்து கெளம்புச்சு."

இருவருமே சுடுவதை நிறுத்திவிட்டோம். மேட்ச் போனது.

"அப்போ பக்கத்துலயா கீற?" என்றான். நான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். பிறகு அவனே, "சரி, அடுத்த மேட்ச் போடு."

போட்டேன். வீட்டுக்கு வாடா என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

நாளை அந்த வண்டி பின்னாலேயே அடுத்த தெருவரை நடக்கப்போகிறேன். தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம், "அண்ணே, நீங்கதான் புயலா?" என்று எப்படிக் கேட்பது?

யாராவது சொல்லுங்கள். பையை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.