பதிமூன்றுக்கு மூன்று மார்க்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வைகாசி முகூர்த்தங்கள் வரிசைகட்டி நின்ற நேரம். பாப்பாரப்பட்டியில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அந்த வாரம் மட்டும் பதினாறு ரவிக்கை, அதில் ஏழு ஒரே கல்யாணப் பெண்ணுக்கு. சாப்பிடக்கூட நேரமில்லாமல் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் வலது பக்க இடுப்பில் வலி ஆரம்பித்தது.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவர். எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி வாயைத் திறந்தால் மூட மாட்டார். குழாய்க்குள் உப்பு எத்தனை கனத்துக்குப் படிந்திருக்கும் என்று விரலை வைத்துக் காட்டுவார். அவருக்கே மூன்று தடவை சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. மூன்றாவது கல்லை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் கல் வந்துவிடும். தெருவில் யாருக்கு விலாவில் வலித்தாலும் இவரிடம்தான் கேட்பார்கள். இவரும் பெரிய வைத்தியர் மாதிரி வாழைத்தண்டு, கொள்ளுத் தண்ணீர் என்று சொல்லி அனுப்புவார்.

எனக்கும் அதையேதான் சொன்னார். இரண்டு நாள் வாழைத்தண்டுச் சாறாகக் குடித்துத் தீர்த்தேன். வலி குறைவதாக இல்லை. வலது தோள்பட்டையும் சேர்ந்து வலித்தது. நாள் முழுக்க மிஷினில் குனிந்து கிடந்தால் தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலை துணி வெட்ட எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்ததும் கணவர் வண்டியை எடுத்தார்.

தர்மபுரி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை என் கவலையெல்லாம் கல்யாணப் பெண்ணின் ரவிக்கைதான். தைத்து முடித்தாயிற்று, கொக்கி மட்டும் பாக்கி. ஒரு ஊசி போட்டுக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டால் போதும் என்றிருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் சின்ன வயது பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். நான் உட்காருவதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"கல்லுதாங்க மேடம். ஒரு ஊசி போட்டு வுட்டீங்கன்னா போதும், வூட்டுக்குப் போயிருவோம்."

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு அச்சடித்த தாளை எடுத்தார். அதில் ஐந்தே கேள்விகள். ஆணா பெண்ணா, வலி ஆரம்பித்து எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்த இனத்தைச் சேர்ந்தவர், வாந்தி குமட்டல் உண்டா, சிறுநீரில் ரத்தம் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் மார்க். மொத்தம் பதிமூன்று. மார்க் ஏற ஏறக் கல்லாக இருக்கும் வாய்ப்பும் ஏறும் என்று விளக்கினார்.

பரீட்சை எனக்கு, பதில் சொன்னது என் கணவர். விடியற்காலை திடீரென்று பிடித்துக்கொண்டதாம், இரண்டு தடவை வாந்தியாம். நான் திகைத்துப்போனேன். அதெல்லாம் அதற்கு முந்தின வருடம் அவருக்கு நடந்தது! மனுஷன் பொய் சொல்லவில்லை. கல் என்றால் அப்படித்தான் வரும் என்று அவருக்கு அத்தனை நிச்சயம். பேங்க் ஆனாலும் தாலுகா ஆபீஸ் ஆனாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆனாலும் எங்கள் வீட்டில் அவர்தான் பேசுவார், நான் பக்கத்தில் நிற்பேன். அது பழகிவிட்டது. அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் பதில்களைச் சுழித்துக்கொண்டே என் மணிக்கட்டில் நாடி பார்த்தார். பேனா நின்றது. நாடி ரொம்ப வேகமாக ஓடியதாம்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. வலி எப்ப ஆரம்பிச்சது?"

கணவர் மறுபடி வாயெடுத்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"வலி எனக்குங்க, அவருக்கில்ல. முந்தாநேத்து மெதுவா ஆரம்பிச்சுது. ஒரு வாந்தியும் வரல. தோளு வலிக்குது, எந்திரிச்சா கண்ணு இருட்டுது."

டாக்டர் போட்ட சுழிகளை அடித்தார். சிறுநீர்ப் பரிசோதனை முடிவும் வந்தது, ரத்தம் இல்லை. கூட்டிப் பார்த்தால் மூன்று. அந்த மூன்றும் இனம் பற்றிய கேள்விக்கு வந்தது. வெளிநாட்டில் தயாரித்த தாளாம், கறுப்பினத்தவர் அல்லாத எல்லோருக்கும் மூன்றாம், நம் ஊரில் யார் வந்தாலும் அது சும்மா கிடைத்துவிடுமாம். அப்படிப் பார்த்தால் நானாக வாங்கியது முட்டை. பத்தாம் வகுப்புக் கணக்கில்கூட நான் இவ்வளவு மோசமில்லை.

கணவரால் நம்ப முடியவில்லை. கல்லேதான் என்று மறுபடி ஆரம்பித்தார்.

"கல்லுன்னு முடிவு பண்ண இது பத்தாதுங்க அண்ணா. வேற என்னன்னு இந்தத் தாளு சொல்லாது. கல்லோட நின்னுடாம தேடிப் பாருன்னு எனக்குச் சொல்லுது, அவ்ளோதான்."

அடுத்து, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தேன் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் பத்து நாள் தள்ளிப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சின்னவன் பிறந்ததும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து ஏழு வருடம் ஆகிறது, அதற்கப்புறம் யார் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? டாக்டர் சிரிக்கவில்லை. அதே சிறுநீரில் நாலு சொட்டு எடுத்துக் கர்ப்பம் பார்க்கும் அட்டையில் விட்டார். இரண்டு கோடு விழுந்தது.

அட்டை தப்பாக இருக்கும் என்றார் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆபரேஷனுக்குப் பிறகும் எங்கோ ஒருத்தருக்கு இப்படி ஆகும், அப்படி ஆனால் கரு கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயிலேயே தங்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் என்னை ஸ்ட்ரெச்சரில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். குழாய் வெடித்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தோள் வலியும் மிஷினால் வந்ததில்லை, உள்ளே தேங்கிய ரத்தத்தால் வந்தது. நாங்கள் கேட்ட ஊசியைப் போட்டு அனுப்பியிருந்தால் வலி அடங்கியிருக்கும். நானும் போய்க் கொக்கி தைக்க உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்கத்தான் மாட்டேன்.

உடனே ஆபரேஷன் என்றார்கள். கையெழுத்துப் போடும்போது கணவர் தன் பெயரையே தப்பாக எழுதி, அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மோட்டார் காயிலில் தலைமுடி மாதிரிக் கம்பியைப் பிசகாமல் சுற்றும் கை அது. ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே நடந்து வந்தவர் கதவருகே குனிந்தார்.

"உனக்கு வாந்தி வரலைன்னுகூட எனக்குத் தெரியாமப் போச்சே புள்ள."

கோபமெல்லாம் அங்கேயே கரைந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் கண் விழித்தேன். பிழைத்துவிட்டேன்! டாக்டர் வந்து, நான் வாயைத் திறந்து சொன்னதால்தான் தேட முடிந்தது என்றார். வயிற்றில் தையலோடு படுத்திருந்த எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்தது யார் தெரியுமா? என் கணவர். ரவிக்கையை வீட்டிலிருந்து வரவழைத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தைத்தார். ஒன்றுகூடப் பிரியவில்லையாம், பெண்ணின் அம்மாவே வந்து சொன்னார்.

கல் டப்பா இன்னமும் டிவி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது விருந்தாளிக்குக் கல்லைக் காட்டியதும் என் மூன்று மார்க் கதையையும் அவரே சொல்கிறார். போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மனைவிக்கு விலாவில் வலி என்று கூட்டிவந்து, வலி எப்படி வந்தது என்று விவரிக்க ஆரம்பித்தார். என் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"செத்த சும்மா இருப்பா. அவங்க சொல்லட்டும்."

அந்த அம்மா பேச ஆரம்பித்தபோது நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். வாழ்நாளில் நான் வாங்கிய மார்க்கிலேயே குறைந்தது அந்த மூன்றுதான். ஆனால் என் வலியை என் வாயால் சொல்லி வாங்கிய அந்த மூன்றால்தான் இன்றைக்கும் நான் உயிரோடு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறேன்.