ஓ.டி. போதும்

எங்கள் பொறியியல் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி அந்த வருடம் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்றது. கோல்கீப்பர் நான். வாங்கிய கோல்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன: நான்கு, மூன்று, ஆறு, மூன்று, ஒன்பது. நாங்கள் போட்டது ஒன்று. அதுவும் எதிரணிப் பெண் தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது.

தோற்றதில் வெட்கமில்லை. யாரோடு சேர்ந்து தோற்றேன் என்று சொல்லத்தான் வாய் கூசுகிறது.

கல்லூரிக்காக வெளியே விளையாடப் போனால் வகுப்பில் இருந்ததாகவே வருகை போடுவார்கள். அதற்குப் பெயர் ஓ.டி. வருகை குறைந்து, பரீட்சை எழுத முடியுமோ முடியாதோ என்றிருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று வீராங்கனைகள் ஆனார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவள் தடுப்பாட்டக்காரி. பயிற்சிக்குக் குடை கொண்டுவந்தவள் சென்டர் ஃபார்வர்ட். அவள் என் வகுப்புதான்.

நான்காவது ஆட்டம் முடிந்ததும் பி.டி. சார் சொன்னார்: “ஒரு மேட்சாவது ஜெயிங்கம்மா. இல்லன்னா அடுத்த வருஷம் டீமே கெடையாது. கிரவுண்டுல பஸ்ஸ நிறுத்தப் போறாங்க.”

கீழப்பழுவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, நாளெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து போகிற எனக்கு, உடம்பு இருப்பது தெரிந்ததே அந்த கிரவுண்டில்தான். யார் எங்கே நிற்க வேண்டும், யாரை மறிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து மற்ற பத்துப் பேருக்கும் கொடுத்தேன். குடைக்காரி அதை மடித்து விசிறிக்கொண்டாள்.

ஐந்தாவது ஆட்டம் அரியலூரில். காலையில் வேன் ஏற வந்தவர்கள் எட்டுப் பேர். குடைக்காரிக்குப் போன் போட்டேன்.

“எங்கடி இருக்க?”

“வூட்லதான். எனக்கு அட்டெண்டன்ஸ் எழுவத்தஞ்சு தாண்டிருச்சு. ஓ.டி. போதும்டி.”

“மேட்ச் இருக்குடி!”

“தோக்கப் போற மேட்ச்சுக்கு எதுக்குடி பதினோரு பேரு? எட்டே தாராளம்.”

எட்டுப் பேரோடு இறங்கினோம். பாதி ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கியிருந்தபோது, கண்ணை மூடுகிற தடுப்பாட்டக்காரி தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, சீக்கிரம் முடிஞ்சா மத்தியான ஓ.டி. கட்டாயிடுமாக்கா?”

மறுநாள் ஓ.டி. பட்டியலைத் தட்டச்சு செய்யச் சொன்னார் சார். எட்டுப் பெயர் அடித்துக் கொடுத்தேன்.

“மிச்சம் மூணு எங்கம்மா?”

“வரலயே சார்.”

“எட்டு பேர வச்சு ஆடுனோம்னா ஆபீஸ்ல என்னையில்ல கேப்பாங்க?” என்று, தானே பேனாவால் மூன்றையும் எழுதிச் சேர்த்தார். காகிதத்தில் மட்டும் நாங்கள் முழு அணி.

செமஸ்டர் பரீட்சையன்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோல் கம்பங்களுக்குக் குறுக்கே ஒரு கல்லூரி பஸ் நின்றது. முன் பெஞ்சிலிருந்து குடைக்காரி திரும்பினாள்.

“ஏய், பேனா எழுத மாட்டேங்குதுடி. எக்ஸ்ட்ரா இருக்கா?”

என் டப்பாவில் மூன்று இருந்தன.

“இல்ல” என்றேன்.