கதவத் தொறங்க

இது எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. என் பெயர் சுமலதா. கொடைக்கானலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் பக்கத்து மலைக் கிராமமான கவுஞ்சியில் ஒரு காய்கறிக் குடோனுக்குப் போனேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று முன்னால் ஆபீஸில். மற்றொன்று பின்னால் ஸ்டோர் ரூமில். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் ஷேர் ஃபோல்டர், ஸ்டோர் ரூமிலிருந்து திறக்கவில்லை.

"எத்தனையோ பேரு வந்து பாத்துட்டாங்க மேடம். சரியாவே மாட்டேங்குது" என்றார் மேனேஜர் ராஜ்மோகன். "வெரசா முடிச்சுருங்க. பனி எறங்குது."

ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் இல்லை. கனத்த இரும்புக் கதவு. கேபிள் சரியாக இருந்தது. ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்தால், அப்படி ஒன்று நெட்வொர்க்கிலேயே இல்லை என்றது.

அப்போது பின்னால்... டொம்!

கதவு சாத்திக்கொண்டது. தள்ளினேன். அசையவில்லை. உள்பக்கம் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

தட்டினேன். கத்தினேன். செல்லில் டவர் இல்லை.

ஷேர் ஃபோல்டர் மட்டும் திறந்தால் போதும், ராஜ்மோகன் கண்ணில் படுகிற மாதிரி ஒரு ஃபைல் போட்டுவிடலாம். மறுபடி மறுபடி முயன்றேன். போகவில்லை.

கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்தியது. பீப்... பீப்... கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கம்ப்யூட்டர் அணைந்தது.

கும்மிருட்டு.

குளிர ஆரம்பித்தது. மலைக் குளிர் எனக்குப் பழக்கம். இது வேறு. ஐஸ் பெட்டிக்குள் என்னை வைத்து மூடியது போல... விரல்கள் மரத்துப்போயின. செல் நழுவி எங்கோ விழுந்தது.

டக்.

டக்... டக்...

கீபோர்டு. என் பக்கத்திலேயே.

யாரோ ஒற்றை விரலால் தட்டுகிறார்கள். மெதுவாக. எழுத்தெழுத்தாக.

"யாரு?"

நின்றது.

என் கன்னத்தில் ஒரு மூச்சு. குளிர்ந்த மூச்சு...

டக்.

சட்டென்று கதவு திறந்தது. வெளிச்சம். ராஜ்மோகன் இரைக்க இரைக்க நின்றார்.

"நல்லவேள, மெசேஜ் போட்டீங்க மேடம்! இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"நான் போடலண்ணே. கரண்டே இல்லையே."

அவர் முகம் மாறியது. ஆபீஸுக்கு ஓடினோம். அங்கே இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஷேர் ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல். 'கதவத் தொறங்க' என்று பெயர். உருவாக்கியவர் யார் என்று பார்த்தேன்.

வேலப்பன்.

"யாருண்ணே இது?"

ராஜ்மோகன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க பழைய ஸ்டோர் கீப்பரு. அப்ப அந்த ரூமு கோல்ட் ஸ்டோரேஜ். கதவு சாத்தி உள்ளயே மாட்டிக்கிட்டாரு. மறுநாள் வெள்ளனே வந்து தொறந்தா... வெறச்சுப்போயிக் கெடந்தாரு."

திரையில் அந்த ஃபைலின் பெயரைத் தொட்டுக் காட்டினார். பிறகு சொன்னார்.

"உள்ள இருந்த கம்ப்யூட்டர்ல அவரு அடிச்சது அப்படியே நின்னுச்சு மேடம். இதே ரெண்டு வார்த்ததான். அன்னைக்கும் ஷேர் வேல செய்யல. எங்களுக்கு வந்து சேரவே இல்ல."