காஞ்சா வெளுக்கும்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டரில் டிசைன் போடும் பெண், டீச்சர் வீட்டுப் பிள்ளை, டிகிரி முடித்தவள். மெஷின் ஓட்டுகிற நான். பிறகு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாஸ்டர். வேறு யாரும் இல்லை. இந்த நாலு பேரில் ஒருத்தர் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்திருந்தால் போதும் என்று எனக்கு இப்போதும் தோன்றுவதால் இதைக் கணக்காகச் சொல்கிறேன்.

அப்போது ஆம்பூருக்கு ஃப்ளெக்ஸ் வந்து அதிக காலம் ஆகவில்லை. பாய் பெங்களூரிலிருந்து பழைய மெஷின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பத்தடி அகலம். ஓடும்போது அதன் சால்வென்ட் வாடை தெருமுனை வரை போகும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே வருவதற்கு முன்னால் ஷூ பெட்டி அச்சடிக்கிற பிரஸ்ஸில் இருந்தேன். அங்கே மை டப்பாவில் கலந்தே வரும், ஊற்றினால் வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. சியான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலே பாட்டில். மாப்பிள்ளை முகமும் பிரியாணிக் கடை போர்டும் கட்சிக் கொடியும் இந்த நாலிலிருந்துதான் வரவேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து பொய் சொல்லும். அந்தப் பயத்தோடேதான் தினமும் மெஷினைப் போடுவேன்.

எனக்குப் பயந்த சுபாவம். பாய் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "இவன் கடையைப் பூட்டிட்டு பூட்டை இழுத்துப் பாப்பான். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்ட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவ இழுப்பான்." பொய் இல்லை.

மாஸ்டர் தோல் பதனிடுகிற ஒரு பெரிய ஷாப்பில் வெகுகாலம் நிறம் சேர்த்தவர். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற துண்டுத் தோலைப் பார்த்து, அதே நிறத்தைக் கலந்து, ஸ்ப்ரே அடிக்க வைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாத அளவுக்குக் கொண்டு வந்துவிடுவார். அந்த வேலையை விட்டுவிட்டு, வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்து, தோலுக்கு நிறம் பூசுகிற ஃபினிஷிங் வேலையைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். சென்னையில் தோல் கண்காட்சி. முதல் தடவையாக அவர் பேரில் ஒரு ஸ்டால், மூலையில் சின்ன இடம்தான். அதன் பின்சுவருக்கு இருபதடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ். மேலே கம்பெனி பெயர், கீழே அவருடைய எட்டு ஷேடுகள், ஒவ்வொன்றும் கதவு அளவுக்கு. எல்லாம் பழுப்பு வகை. தேன் மாதிரி ஒன்று, புளி மாதிரி ஒன்று, காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி ஒன்று.

"இதுல ஒரு ஆர்டர் மாட்டிச்சுன்னா நிப்பேன். மாட்டலன்னா மறுபடியும் எவங்கிட்டயாவது கைகட்டித்தான் நிக்கணும்" என்றார் பையைப் பிரித்துக்கொண்டே. சிரித்துத்தான் சொன்னார். ஆனால் சாயங்காலம் சென்னை பஸ் ஏறவேண்டியவர், காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் துண்டு அடித்ததும் அவர் முகம் மாறியது. தேன் நிறம் பச்சையடித்து வந்திருந்தது.

"இன்னா தம்பி, இது என் தோலா, ஏரிப் பாசியா?"

"மெஷின் கொஞ்சம் பேஜார் பண்ணுது மாஸ்டர். ரெண்டு நிமிஷம்" என்றார் பாய்.

"காத்தாலருந்து உங்க ரெண்டு நிமிஷம் ஓடிகினே இருக்கு பாய்."

டிசைன் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஃபைல்ல தப்பு இல்லண்ணா. பாருங்க, இதுல கரெக்டா இருக்கு."

"உன் டிவியில எல்லாம் அழகாத்தாம்மா இருக்கும். நான் டிவியவா கொண்டுபோய் மாட்டப் போறேன்?"

அவள் திரையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் எது சொன்னாலும் பாதிக்குரலில்தான் சொன்னாள்.

மெஷின் கெட்டால் பெங்களூரிலிருந்து ஆள் வரவேண்டும், வர இரண்டு நாள் ஆகும். முதலில் நாசில் டெஸ்ட் போட்டேன். மை துப்புகிற ஹெட்டில் துளைகள் அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கோடுகளாகக் காட்டும் சோதனை அது. நாலு நிறத்திலும் ஒரு கோடு விடாமல் வந்தது. நம்பவில்லை, இன்னொரு தடவை போட்டேன். அப்படியேதான் வந்தது. ஹெட்டைக் கழுவி, சால்வென்ட் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து மறுபடி அடித்தேன். பாசி போகவில்லை. அவள் கலர் செட்டிங்கை மாற்றிக் கொடுத்தாள். இப்போது பச்சை போய்ச் சாம்பல் வந்தது.

"மெஜந்தாவ ஃபைல்லயே ஏத்திடலாமாண்ணா?" என்று கேட்டாள்.

"ஏத்தும்மா, நேரமாவுது" என்றார் பாய்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பச்சையடித்தால் மெஜந்தா குறைகிறது என்று அர்த்தம், ஆனால் எதனால் குறைகிறது என்று தெரியாமல் ஏற்றினால், அது பாதியில் சரியாகிவிட்டால் மீதிச் சுவர் சிவந்துபோகுமே என்ற பயம். நாலு நிறத்தையும் தனித்தனியாக, கோடாக இல்லாமல் ஒரு முழம் அகலப் பட்டையாக, பத்தடிக்கும் ஓட்டிப் பார்த்தேன். சியான் ஒரே சீராக வந்தது. மஞ்சளும் கறுப்பும் அப்படியே. மெஜந்தா பட்டை மட்டும் ஆரம்பத்தில் அடர்த்தியாக இருந்து, போகப் போக ஓடிக் களைத்தவன் குரல் மாதிரி தேய்ந்துகொண்டே போனது. கோடு போடுகிற அளவுக்கு மை இருக்கிறது, பரப்பி அடிக்கும் அளவுக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கேயோ தடை.

மெஜந்தா பாட்டிலிலிருந்து ஹெட்டுக்கு மை போகிற ட்யூபைத் தொட்டுக்கொண்டே போனேன். நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய ஒரு ஃபில்டர். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிவப்புக் கசடு, காப்பி வடிகட்டிய துணி மாதிரி. புதுசு போட்டு, காற்றை வெளியேற்றி, மறுபடி பட்டை ஓட்டினேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே சிவப்பு.

பாய் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "பயந்தாங்கொள்ளிக்குக் கண்ணு நல்லா இருக்குது மாஸ்டர்!" மாஸ்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு யாரும் அப்படிக் கைகொடுத்ததில்லை. காது சூடாகிவிட்டது. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எட்டு ஷேடும் வருகிற மாதிரி ஒரு சாண் அகலத் துண்டு அடித்தோம். மாஸ்டர் அதை ஈரத்தோடே எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தோல்காரர்கள் ட்யூப்லைட்டில் நிறம் பார்க்கமாட்டார்கள், வெயிலிலும் பார்க்கமாட்டார்கள். வாசல் நிழலில், வடக்குப் பக்கம் திரும்பி நின்று, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். தன்னுடைய தோல் துண்டுகளை ஒவ்வொன்றாக மேலே வைத்துப் பார்த்தார். தேன் மேல் தேன், புளி மேல் புளி. ஓரம் தெரியவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஒண்ணாத்தான் இருக்குது" என்றார். உடனே தலையை ஆட்டினார். "ஆனா இது ஈரம். காஞ்சா வெளுக்கும். கலர ஒரு பங்கு ஏத்து."

தோலில் அதுதான் சட்டம். ஸ்ப்ரே அடித்த ஈரத்தில் நிறம் ஆழமாகத் தெரியும், காய்ந்ததும் ஒரு படி இறங்கும். ஈரத்திலேயே சாம்பிளோடு ஒத்துப் போனால் அது தப்பு என்று அர்த்தம். ஷாப்பில் அவர் கண் அப்படிப் பழகியிருந்தது. ஈரத்தைப் பார்க்கும்போதே காய்ந்ததைப் பார்க்கிற கண்.

டிசைன் பெண் பாதிக்குரலில், "இதுல அவ்ளோ வெளுக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

"மாஸ்டர் சொல்றாரும்மா" என்றார் பாய். "நாம பொறக்கும்போதே அவரு கலர் பாத்துகினு இருந்தவரு."

"அட, அவ்ளோ கெழவனாக்கிட்டீங்களே!" என்று மாஸ்டர் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

என் வேலை அந்தத் துண்டை ஃபேனுக்கு அடியில் கால் மணி நேரம் போடுவது மட்டும்தான். ஃப்ளெக்ஸ் அவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடும். பூட்டைத் திரும்பி வந்தும் இழுத்துப் பார்க்கிறவன், நாசில் டெஸ்ட்டை இரண்டு தடவை போட்டவன், இதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மாஸ்டர் கண்ணைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லை என்று தோன்றியது. அதைவிட, அவர் கை கொடுத்த சூடு இன்னும் என் கையில் இருந்தது. ஒரு பங்கு ஏற்றினோம். இருபதடியும் ஒரு கறை, ஒரு கோடு இல்லாமல் ஓடி முடிந்தது. ஆர்டர் காசு வந்ததும் மீதியைத் தருவதாகப் பாயிடம் சொல்லிவிட்டு, சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கடையைப் பெருக்கும்போது அந்தச் சாண் துண்டு மெஷின் ஓரமாகக் கிடந்தது. காய்ந்து மொடமொடவென்று இருந்தது. நிறம் ஈரத்தில் பார்த்தது போலவேதான் இருந்தது. பளபளப்பு கொஞ்சம் போயிருந்தது, அவ்வளவுதான். ஏற்றிய ஒரு பங்கு அப்படியே சுவரில் நிற்கும் என்று புரிந்தது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கடை போனிலிருந்து அவர் செல்லுக்குப் போட்டேன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"தம்பி! செவுரு சூப்பரா இருக்குதுடா. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாக்குறான்!"

"கலர்... கொஞ்சம் டார்க்கா இல்லீங்களாண்ணா?"

"அதாண்டா கெத்து! வெச்சிர்றேன், ஆள் வர்றான்."

வைத்துவிட்டார். மறுபடி போடலாமா என்று போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போடவில்லை. அவர்தான் சந்தோஷமாக இருக்கிறாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார். கையில் ஸ்வீட் பாக்கெட். ஆர்டர் மாட்டிவிட்டது. வெள்ளைக்காரன் ஒருத்தன், செருப்புக் கம்பெனிக்கு வாங்குகிறவன், மேசையில் விரித்திருந்த தோல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து சுவரைத் தொட்டு, இந்த நிறம் வேண்டும் என்றானாம். பேரீச்சம்பழ நிறம். மேசையில் இருந்தது இல்லை, சுவரில் இருந்தது.

"அது நம்ம தோல்ல இல்லியேண்ணா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? மொத ஆர்டர்டா. மாட்டேன்னு சொல்லிட்டு வரச் சொல்றியா? அந்த ஷேடு மட்டும் ஒரு துண்டு அடிச்சுக் குடு. அத சாம்பிளா வெச்சு அடிச்சுப்பேன்."

அடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை நன்றாகக் காயவைத்துக் கொடுத்தேன், அதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. எத்தனையோ வெளிநாட்டுச் சாம்பிளுக்கு நிறம் சேர்த்தவர், ஒரு சாண் ஃப்ளெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அங்கே அதையும் வாசல் நிழலில் நின்றுதான் பார்த்திருப்பார்.

ஃப்ளெக்ஸில் நிறம் மேலே படிந்து நிற்கிறது. தோலில் உள்ளே இறங்கவேண்டும், இறங்கினாலும் தோலின் வரி தெரியவேண்டும். அந்த ஆழத்தைக் கொண்டுவர அவர் பூச்சு மேல் பூச்சு அடிக்க வேண்டியிருந்தது. நிறம் வந்துவிட்டது. அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சரக்கைச் சோதிக்க வந்தவன் ஒரு தோலை எடுத்து இரண்டாக மடித்தானாம். மடிப்பில் வெடித்தது. இன்னொன்றை எடுத்து மடித்தான், அதுவும் வெடித்தது. அப்புறம் மடிக்கவே இல்லையாம், போய்விட்டானாம்.

அந்த வருஷமே ஷெட்டைக் காலி செய்தார். பேரணாம்பட்டில் ஒரு ஷாப்பில் மறுபடியும் நிறம் சேர்க்கப் போய்விட்டார் என்று பாய் சொன்னார். "நஸீப்பு, அவன் தலையெழுத்து, இன்னா பண்றது" என்றார். டிசைன் பெண், கல்யாணம் ஆகி வேலூருக்குப் போகிற வரை, என்னிடம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாஸ்டரை நான் பஜாரில் மூன்று நாலு தடவை பார்த்தேன். முதல் தடவை கையைத் தூக்கினேன். என்னைப் பார்த்தவர், பார்க்காத மாதிரி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார். என் மேல் கோபம் என்று நினைத்தேன், நியாயம்தானே என்றும் நினைத்தேன். அப்புறம் பாய்தான் சொன்னார்: "கோவம் இல்லடா. அந்த செவுரு ஃப்ளெக்ஸுக்குக் காசு பாக்கி வெச்சிருக்கான் இல்ல, அந்த வெக்கம். நானும் கேக்கல. நம்மளப் பாத்தாலே ஒதுங்கிப் போறான்."

அந்தக் காசு வேண்டாம் என்று போய்ச் சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னால், எதனால் வேண்டாம் என்றும் சொல்லவேண்டும். அந்த நிறம் அவர் பார்த்தபோதே சரியாக இருந்தது, ஏற்றியிருக்கவே வேண்டாம் என்று சொல்லவேண்டும். நிறம் பார்த்தே பிழைக்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? கடைசியாகப் பார்த்த அன்றைக்கு, அவர் ஒதுங்குவதற்கு முன்னால் நானே ஒரு துணிக்கடைக்குள் நுழைந்துகொண்டேன்.

பாய் இப்போது கடையை மகன் கையில் கொடுத்துவிட்டார். மெஷினும் மாறிவிட்டது. சதுர அடி பதினெட்டு ரூபாய் மேனிக்கு நூற்றறுபது சதுர அடி, அட்வான்ஸ் ஆயிரத்து ஐநூறு போக, மாஸ்டர் தரவேண்டியது ஆயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.