எல்வாவின் இடது கன்னம்

மாட்டின் மடியைத் தவிர பால்பண்ணைக்காரர் லின்ஸி ட்ரூவின் என்பவர் வேறெதையும் உற்றுப் பார்த்ததில்லை என்று கிப்ஸ்லாந்துப் பக்கம் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. மனைவி எல்வாவின் இடது கன்னத்தை நாற்பத்தோரு வருஷம் பார்த்திருக்கிறார். பத்தொன்பது வயதில் பால் கறக்கும் கொட்டகையில் ஒரு கிடேரி உதைத்து, அவள் தாடை இடப்பக்கம் உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது. யார் கேமராவைத் தூக்கினாலும் சட்டென்று வலக்கன்னத்தைக் காட்டி நின்றுவிடுவாள். அவள் செத்தபின் தேடிப் பார்த்தால், வீட்டிலிருந்த ஒரு படத்திலும் அந்தப் பள்ளம் இல்லை.

அறுபத்தொன்பது வயதில் அவர் தூரிகை எடுத்தது அதற்காகத்தான். மாடுகளை விற்றாயிற்று. புதன்கிழமைதோறும் ஊர் மண்டபத்தில் வெளியூர்க்காரி கெரில் வந்து நடத்தும் ஓவிய வகுப்புக்குப் போனார்.

"என்ன லின்ஸி, கொட்டகைக்கு வெள்ளையடிக்கிற பிரஷ்ஷைக் கொண்டாரலையா?" என்றான் பக்கத்துப் பண்ணை ராய்ஸ்.

"உன் மூஞ்சிய வரையறப்ப கொண்டாறேன். பரப்பு ஜாஸ்தி."

பதினோரு வாரம் பள்ளம் வசப்படவில்லை. பன்னிரண்டாவது வாரம், எரிச்சலில் ஈரச் சாயத்தில் பெருவிரலை அழுத்தித் திருகினார். எல்வா வந்துவிட்டாள். இவள் யாரென்று கெரிலிடம் அவர் சொல்லவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு.

"வேளாண் கண்காட்சியில புதியவர்களுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. அனுப்பலாம்," என்றாள் கெரில். "சாயம் காயல, இங்கயே இருக்கட்டும். நானே வண்டியில கொண்டுபோறேன்."

ஒருநாளாவது எல்வா முகத்தைத் திருப்பாமல் ஊர் முன்னால் இருக்கட்டும் என்று நினைத்து லின்ஸி தலையாட்டினார்.

சனிக்கிழமை கண்காட்சிக் கொட்டகையில், பரிசுப் பூசணிகளுக்கும் ஜாம் பாட்டில்களுக்கும் அப்பால் படம் தொங்கியது. மூலையில் முதல் பரிசின் நீல ரிப்பன். படத்தில், தாடை நேரான, கன்னம் வழுவழுவென்ற யாரோ ஒருத்தி.

கெரில் அவர் காதோரம் குனிந்தாள். "தாடை கொஞ்சம் கோணலா வந்திருந்துச்சு. புதுசா வரையறவங்களுக்கு வர்றதுதான். பத்து நிமிஷ வேலை, சரிபண்ணிட்டேன். வெளிய சொல்லிடாதீங்க, சொந்தக் கையால வரைஞ்சிருக்கணும்னு விதி."

வாயைத் திறப்பதற்குள் எல்வாவின் தங்கை மேவிஸ் வந்து அவர் தோளைத் தட்டினாள்.

"அடேயப்பா! உயிரோட இருந்தப்ப எங்க அக்கா இவ்வளவு லட்சணமா இல்லையே! இப்படி ஒரு படத்துக்குத்தான் லின்ஸி, வாழ்நாள் பூரா கழுத்தைத் திருப்பிக்கிட்டே கெடந்தா."

ராய்ஸ் வந்து கைகுலுக்கினான். குலுக்கினார்.

வீட்டுக்குப் போய்ப் புதுத் துணியில் மறுபடி தொடங்கினார். தாடை நேராகவே விழுந்தது. கிழித்துப் போட்டு இன்னொன்று, அதற்குப் பின் இன்னொன்று. கண்ணை மூடினால் ரிப்பன் வாங்கியவள்தான் வந்து நின்றாள். நான்காம் வாரம் பரிசுப் படத்தையே சுவரிலிருந்து இறக்கி, கத்தி முனையால் இடது கன்னத்தைச் சுரண்டி, பழுப்புச் சாயம் பூசினார்.

கறிக்குழம்புப் பாத்திரத்தோடு வந்த மேவிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ, நல்ல முகத்தை ஏன் இப்படி நாசம் பண்ணே?"

லின்ஸி திரும்பிப் படத்தைப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது.