அண்ணியின் மெயிலும் ஸ்பேம் பெட்டியும்

என் அண்ணிக்குக் காது மந்தம். வாய் அப்படியில்லை, அவர் ரகசியம் பேசினால் மாடிவீட்டுக்காரர் பதில் சொல்வார். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம், ஊரிலுள்ள காது மந்தக்காரர்களைச் சேர்த்து அவர் நடத்தும் குழுவுக்கு மெயில் அனுப்புவார். போன் மணி கேட்காதவர்களை வேறெப்படிக் கூப்பிடுவது?

அண்ணியோடு சினிமாவுக்குப் போவது ஒரு தனி அவஸ்தை. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று அண்ணன் தோளை உலுக்குவார். அண்ணன் விளக்கி முடிப்பதற்குள் திரையில் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். அண்ணி அப்போதுதான் சிரிப்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

இந்த ஆற்றாமையில்தான் தியேட்டர் மேனேஜரை விடாமல் துரத்தி, வசனமெல்லாம் திரையில் எழுத்தாக ஓடும் ஒரு காட்சிக்குச் சம்மதம் வாங்கினார். "பாதி சீட்டுக்காவது முன்கூட்டியே பேர் வரணும்மா. காலி நாற்காலிக்கு எழுத்துப் போட்டா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்" என்றார் மேனேஜர்.

அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றே மெயில் பறந்தது. பறந்ததோடு சரி, ஒரு பதிலும் இல்லை.

"யாருக்குமே வேணாமா தம்பி?" என்றார். அந்தப் பெரிய குரல் அப்படி இறங்கியதை நான் கேட்டதே இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

குழுவிலிருந்த பேக்கரிக்காரரிடம் போனோம். "மெயிலா? வரலையே!" என்றார். அவர் போனை வாங்கி ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். அண்ணியின் மெயில்கள் அத்தனையும் லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கைத் தைலத்துக்கும் நடுவே கிடந்தன!

பேக்கரிக்காரர் அசடு வழிந்தார். "தினமும் வந்துச்சும்மா. நிறுத்துங்கன்னு சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு, ஸ்பேம்னு அமுக்கிட்டேன்."

"இன்னும் எத்தனை பேருய்யா எனக்கு இப்படி மரியாதை பண்ணீங்க?" அண்ணி போட்ட சத்தத்தில் பன் வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மரியாதை பலமாகவே நடந்திருந்தது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கூட்டம் நாங்கள். பலரும் சத்தமில்லாமல் அமுக்க, அமுக்காதவர்களின் மெயில் பெட்டியும் அண்ணியைச் சந்தேகப்பட்டு ஸ்பேமில் தள்ள ஆரம்பித்துவிட்டது. போதாக்குறைக்கு அண்ணியின் தலைப்பு: "இலவசம்!!! அவசரம்!!!" உள்ளே ஒரு போஸ்டர் படம் மட்டும்.

"மெயில்லயும் ஏன் அண்ணி கத்துறீங்க?" என்றேன். நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

உடனே உட்கார்ந்து புதிதாக எழுதினோம். படம் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. முதல் வரி: "இனி மாதம் ஒரு மெயில்தான். வேண்டாதவர்கள் இங்கே அமுக்கி விலகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்." பிறகு காட்சி விவரம். கடைசியில், "'என்ன சொன்னான்' என்று கேட்டு நீங்கள் வாங்கிய மோசமான திட்டு எது? பதில் போடுங்கள்." பதில் போட்டால்தான் மெயில் பெட்டிக்கு அண்ணி தெரிந்தவர் என்று புரியும். பேக்கரிக்காரர் பரிகாரமாக, குழுவில் தெரிந்தவர்களின் போனையெல்லாம் பிடுங்கி, 'ஸ்பேம் இல்லை' என்று அமுக்கி, அண்ணியின் முகவரியைச் சேமித்துக் கொடுத்தார்.

சிலர் விலகினார்கள். ஒவ்வொருவருக்கும் அண்ணி, "போ, போ" என்று முகத்தைச் சுளித்தார். அப்புறம் கொட்டியது பாருங்கள்! மாமியார் திட்டு, டாக்டர் திட்டு, கல்யாண மேடையிலேயே வாங்கிய திட்டு! ஒவ்வொரு திட்டுக்கும் கீழே, "எனக்கு ரெண்டு சீட்டு."

பாதி என்ன, அரங்கமே நிறைந்தது. திரையில் எழுத்து, நடிகர் வாய் திறப்பதற்குச் சற்று முந்தியே வந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியாது. முதல் நகைச்சுவைக்கு அரங்கமே வெடித்துச் சிரித்தது, அண்ணி எல்லோரையும்விட உரக்க. எழுத்தைப் பார்க்காமல் நடிகரின் முகத்தையே பார்த்திருந்த அண்ணன், அண்ணியின் தோளை உலுக்கினார்.

"என்ன? என்ன சொன்னான்?"

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க, அவன் இன்னும் சொல்லவே இல்லை."