நான் கொண்டுபோன நல்ல தண்ணீர்

எழுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாத மழைக்குள் நடந்தது இது. வலிகாமத்தில் ஒரு தோட்டக்கார ஊர் எங்களுடையது. மனைவிக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்து, கடற்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்திருந்தார்கள்.

அங்கே தண்ணீர் உவர். கொதிக்கவைத்து ஆற்றி வார்டு மூலையில் வைத்திருப்பார்கள். மனைவி ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். எனக்கோ எங்கள் கிணற்றைப் பற்றிப் பெருமை அடிக்காவிட்டால் சோறு இறங்காது. தினமும் இரண்டு போத்தல் அள்ளி, பையில் போட்டுச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போவேன்.

முதல் நாளே வார்டுத் தாதி மறித்தார்.

"வெளித்தண்ணி குடுக்கிறதெண்டால் காய்ச்சித்தான் குடுக்கவேணும். இது காய்ச்சினதோ?"

"ஓம் மிஸி, நல்லாக் காய்ச்சினது" என்றேன். பச்சைப் பொய். காய்ச்சினால் ருசி போய்விடுமாம்! அவ்வளவு கெப்பர், அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

பக்கத்துக் கட்டிலில் வடக்குக் கரையிலிருந்து வந்த ஓர் அக்கா. கணவர் கடல்தொழில், மூன்று சின்னப் பிள்ளைகள். அவருக்கும் ஒப்பரேஷன்தான், எலும்பும் தோலுமாகக் கிடந்தார். அவராகக் கேட்கவில்லை. நான்தான் வலியப் போய் ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினேன்.

"கடவுளே, என்ன ருசி தம்பி! பிறந்ததிலையிருந்து உவர்த்தண்ணி குடிச்ச வாய் இது. நாளைக்கும் கொண்டுவருவியளோ?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாளிலிருந்து மூன்று போத்தல்.

நாலாம் நாள் இரண்டு பேருக்கும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் தொடங்கின. மனைவி ஒரு கிழமை கிடந்து எழும்பினாள். அக்காவின் உடம்பில் தாங்க வலு இருக்கவில்லை. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் காலை நான் போனபோது, அவருடைய கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லும். தண்ணி காய்ச்சினதோ?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், அப்படியே திரும்பிக் கக்கூஸைப் பார்த்தார். மனைவிக்காக அந்த வருடம்தான் அதைக் கட்டியிருந்தேன். தண்ணீர் அள்ளச் சுகம் என்று கிணற்றடிக்குக் கிட்டவே குழி வெட்டுவித்தவன் நான். தள்ளி வெட்டுவம் என்ற மேசனையும் பேசவிடவில்லை.

"உங்கடை நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், எல்லாம் வெடிப்பு. மழைக்குக் குழி நிரம்பினால் கிணத்துக்குத்தான் வரும். கண்ணுக்குத் தெளிவாயிருந்தால் போதுமோ?" என்றார். அவர் சோதிக்க எடுத்துப்போன தண்ணீரில் வயிற்றோட்டக் கிருமி இருந்தது. ஐயோ, நானே என் கையால் ஊற்றிக் கொடுத்தேனே!

குழியை மூடி, கிணற்றை இறைத்து, மருந்து போட்டோம். ஒரு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் அக்காவின் கணவர் வெறும் போத்தலோடு படலையில் வந்து நின்றார்.

"நாளைக்கு அவளின்ரை அந்தியேட்டி தம்பி, முப்பத்தோராம் நாள். அவள் கடைசியா ஆசைப்பட்டுக் குடிச்சது உங்கடை தண்ணிதான். சாகிற அண்டைக்கும் உங்களைப் புண்ணியவான் எண்டவள். படையலுக்கு வைக்க ஒரு போத்தல் தருவியளோ?"

போத்தலை வாங்கிக் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்தேன். மனைவி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். படைத்த தண்ணீரைப் பிறகு பிள்ளைகள்தானே குடிக்கும். அது கொதித்து ஆறும்வரை அவர் விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். தாய் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றுதான் கடைக்குட்டி நினைக்கிறதாம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. வாய் வரவில்லை.

போகும்போது என் இரண்டு கையையும் பிடித்தார். "நல்லா இருங்கோ தம்பி. நீங்களும் தங்கச்சியும் நல்லா இருங்கோ."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் ஏசியிருப்பார், அடித்துக்கூட இருப்பார், அதையெல்லாம் தாங்கியிருப்பேன். அந்த வாழ்த்தைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.